அம்மாக்கண்ணுவின் கடைசி இரண்டு மணி நேரம்

வார்டுக்குள்ளிருந்து அந்த அலறல் வந்தபோது ரஞ்சிதம் வேனிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்திருந்தாள்.

அலறலைத் தொடர்ந்து ஒரு எனாமல் தட்டு தரையில் விழுந்து, சுற்றிச் சுற்றி ஓசையிட்டு அடங்கியது. பிறகு சத்தமே இல்லை.

டிரைவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயில் கூட்டம் ரோட்டை அடைப்பதற்குள் திண்டிவனம் போய்ச் சேர வேண்டும் என்று முணுமுணுத்தபடி பெட்டியை இறக்கிவைத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். செஞ்சியில் ஓடிய பஸ்கள் எல்லாமே அன்றைக்குக் கோயில் பக்கம்தான் ஓடின.

மலைக்கோட்டையின் அடிவாரத்தில் எட்டே எட்டுக் கட்டில்கள் உள்ள மிஷன் ஆஸ்பத்திரி அது. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நர்சு ராஜாம்பாள்தான் எல்லாம். பி.எஸ்ஸி. நர்சிங் படிக்கும் கடைசி வருடத்துப் பெண்களைக் கல்லூரி ஒரு மாதம் இங்கே அனுப்பிவைக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால், அறுபத்து நாலில், ரஞ்சிதமும் அப்படி வந்தவள்தான். இப்போது அதே கல்லூரியில் ஆசிரியை. மாணவிகளின் வேலையைப் பார்வையிட வந்திருக்கிறாள்.

மணி நாலு பத்து. பகலெல்லாம் காய்ந்த பாறைகள் அனலைக் கக்கிக்கொண்டிருந்தன.

வார்டுக்குள் நுழைந்ததும் குளிர்ந்தது.

லைசால் வாடையும், நனைந்த பாயின் வாடையும் கலந்த குளிர். வாசலருகே சுவரோடு ஒட்டிக்கொண்டு மாணவி சாகிரா நின்றாள். உள்ளூர்ப் பெண், அவள் வாப்பாவுக்குக் கடைத்தெருவில் தையல் கடை. மற்ற மாணவிகள் வல்லத்துக்கு அம்மை ஊசி போடப் போயிருந்தார்கள். எதிரே கட்டிலில் தனகோட்டி படுத்திருந்தாள். அவலூர்பேட்டையிலிருந்து வந்தவள், பிரசவக் காய்ச்சல். நாலு நாளாகக் காய்ச்சல் இல்லை. நாளைக்கு வீட்டுக்குப் போக வேண்டியவள்.

என்ன நடந்தது என்று ரஞ்சிதம் கேட்டாள். சாகிரா தன் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்.

"நாடி எண்ணிக்கிட்டிருந்தேன் மிஸ். இன்னொரு கை வந்துச்சு. என் விரலை ஒண்ணொண்ணா எடுத்து விட்டுட்டு, அது புடிச்சிக்கிச்சு."

"யார் கை?"

"கை மட்டும்தான் மிஸ்."

ரஞ்சிதம் தனகோட்டியின் மணிக்கட்டைத் தொட்டாள். கிணற்றுக்குள் கிடந்த கல்லைப் போல் இருந்தது. நாடி ஓடியது. ஆனால் எங்கோ தூரத்தில் ஓடியது.

தனகோட்டி பயந்தவளாகத் தெரியவில்லை. அதுதான் ரஞ்சிதத்துக்கு என்னவோ செய்தது. ஒரு அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்ததாகவும், வெள்ளையாய்க் கட்டியிருந்ததாகவும், முகம் சரியாகத் தெரியவில்லை என்றும் அரைத் தூக்கத்தில் சொன்னாள்.

"நல்லா பேசுது. பொஸ்தகத்துல எழுதனா மாதிரி பேசுது. 'பயப்படாதீர்கள் அம்மா, கடைசிவரைக்கும் நான் உங்களோடு இருப்பேன்' அப்டீன்னுது."

சாகிரா மெல்ல நிமிர்ந்து ரஞ்சிதத்தைப் பார்த்தாள்.

ரஞ்சிதம் எழுதிய அந்த வாக்கியம் சாகிராவுக்கு மனப்பாடம். அவளுக்கு மட்டுமில்லை, கல்லூரியில் எல்லோருக்கும் மனப்பாடம்.

கல்லூரியின் பாடமுறை அப்படி. நோயை மட்டும் பார்க்காதே, ஆளைப் பார்; கிறிஸ்துவின் கைகளாக இரு; சாகிறவர் யாரும் தனியாகச் சாகக்கூடாது என்று முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். ஒவ்வொரு மாணவியும் ஒரே ஒரு நோயாளியைத் தேர்ந்துகொண்டு, அவருக்குத் தான் செய்த பணிவிடையை மணிவாரியாக எழுதித் தர வேண்டும். அதற்குக் கேர் ஸ்டடி என்று பெயர். ரஞ்சிதம் எழுதியது, 'அம்மாக்கண்ணுவின் கடைசி இரண்டு மணி நேரம்'. மாலை நாலிலிருந்து ஆறு பத்து வரை, புற்று முற்றிப் படுத்த ஒரு ஏழைக் குடியானவப் பெண்ணின் கையைப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்த கதை. ஆங்கிலத்தில் எழுதியது தங்கப் பதக்கம் வாங்கியது. தமிழில் மிஷன் மாதப் பத்திரிகையில் வந்தது. அதைப் படித்துத் தேவாலயத்தில் அழாதவர்கள் இல்லை. அதுதான் அவளுக்கு இந்த வேலையை வாங்கித் தந்தது. அடுத்த மாதம் அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்கு அனுப்பப்போவதும் அதுதான்.

அதில் ஒரு வரிகூட நடக்கவில்லை.

ஸ்டடியை மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அம்மாக்கண்ணு அன்று மாலை தாண்டமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ரஞ்சிதம் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் போய் உட்கார்ந்து, நடக்கப்போகும் சாவை நாலு மணிக்கே எழுத ஆரம்பித்தாள். எழுத்து நன்றாக வந்தது. நன்றாக வந்ததால் எழுந்திருக்க மனம் வரவில்லை. ஆறு பத்து என்று மையில் எழுதி முடித்துவிட்டு ஆறரைக்கு வார்டுக்குப் போனாள். கட்டிலில் உயிர் இல்லை. எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. சார்ட்டிலும் ஆறு பத்து என்றே போட்டாள். உடம்பைத் துடைத்து, தலை சீவி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டினாள். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தாள்.

இப்போது வெள்ளையாய்க் கட்டிக்கொண்டு வந்திருப்பது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

ராஜாம்பாள் பிரசவ அறையிலிருந்து கை துடைத்தபடி வந்தாள். ஐம்பது வயது. பட்டம் பெற்றவர்களைக் கண்டால் ஆகாது.

"வாம்மா பதக்கம். இது நாலாவது. தெரியுமா உனக்கு?"

போன வருடத்திலிருந்து மூன்று பேர் என்றாள். மூன்று பேருமே தேறியவர்கள். நாலு மணிக்குக் கை சில்லிடும். ஆறு பத்துக்கு முடிந்துவிடும். டாக்டர் இருதயம் என்று எழுதிவிட்டுப் போவார். கட்டிலை மாற்றிப் பார்த்தாகிவிட்டது. பாதிரியாரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணியாகிவிட்டது.

"அது கட்டிலத் தேடி வரல. உங்க பொண்ணுங்க எந்த ஆள எழுதறேன்னு நோட்டுல பேர் போடறாங்களோ, அந்த ஆளத் தேடி வருது. இந்தப் பொண்ணு இன்னிக்கிக் காலையிலதான் தனகோட்டி பேரப் போட்டா."

சாகிரா அழ ஆரம்பித்தாள்.

ரஞ்சிதம் நேரத்தை வீணாக்கவில்லை. சாகிராவின் நோட்டை வாங்கி, பெயர் எழுதிய தாளைக் கிழித்து, வெந்நீர் அடுப்பில் போட்டாள். தாள் கருகிச் சுருண்டது. ஓடிவந்து கையைத் தொட்டுப் பார்த்தாள்.

இன்னும் சில்லிட்டிருந்தது. முன்பு மணிக்கட்டு வரை. இப்போது முழங்கை வரை.

வெந்நீர்ப் பைகளை வைத்தார்கள். இரண்டு கம்பளி போர்த்தினார்கள். ஊசி போட்டார்கள். திண்டிவனத்துக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்குமா என்று ஆளை அனுப்பினார்கள். அமாவாசையன்று செஞ்சியில் மாட்டு வண்டிகூட இல்லை என்று அவன் திரும்பி வந்தான். தனகோட்டி நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்து, தன் குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரமாகிவிட்டதா என்று கேட்டாள். குழந்தை நாத்தனாரோடு சத்திரத்தில் இருந்தது. பதில் வருவதற்குள் கண் மூடிக்கொண்டது.

ஐந்து நாற்பது.

ராஜாம்பாள் வெந்நீர்ப் பையைத் திருப்பி வைத்தபடியே, தலை நிமிராமல் கேட்டாள்.

"அன்னிக்கி நான் லேபர் ரூம்ல இருந்தேன். வெளிய வந்தப்போ வராந்தாவுல ஒருத்தி குனிஞ்சி எழுதிக்கினு இருந்தா. அது யாரும்மா?"

ரஞ்சிதம் கம்பளியை இழுத்துச் சரிசெய்தாள்.

"நான் யாராண்டயும் சொல்லல. சொன்னா பட்டிக்காட்டு நர்சு பொறாமையில பேசறான்னுவீங்க. ஆனா செத்தவளுக்குத் தெரியும் இல்ல?"

ரஞ்சிதத்துக்கும் அதுதான் தோன்றியது. அம்மாக்கண்ணு வராத கையைக் கேட்டு வருகிறாள். பொய்யாய் எழுதிய வார்த்தைகளையே திருப்பிச் சொல்லிக் காட்டுகிறாள். உண்மையைச் சொல்லாதவரை போகமாட்டாள். யாரிடம் சொல்வது? கல்லூரி முதல்வர் அம்மாவிடம் சொல்ல டிரங்க் கால் கிடைப்பதற்குள் தனகோட்டி போய்விடுவாள். யாரிடம் சொல்லியாக வேண்டுமோ அவன் பக்கத்திலேயே இருந்தான்.

கோதண்டராமன். அம்மாக்கண்ணுவின் ஒரே மகன்.

அம்மா செத்த மாதமே அவன் ஆஸ்பத்திரியில் தண்ணீர் சுமக்கும் வேலையில் சேர்ந்தான். என் அம்மாவை அப்படிப் பார்த்துக்கொண்ட இடத்தில் சம்பளம் பார்க்கமாட்டேன் என்றானாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்தின் கடைசி பெஞ்சில் உட்காருவான். அந்த மாதப் பத்திரிகையை, படிக்கத் தெரியாதவன், கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தான்.

அன்றைக்கு அவனை வார்டிலிருந்து வெளியே அனுப்பியதும் ரஞ்சிதம்தான். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது, நீ போ, நான் கூடவே இருப்பேன் என்று சொல்லி அனுப்பினாள். அதுதான் எல்லாவற்றிலும் கசந்தது. அவள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இருந்திருக்க வேண்டியவனையும் அனுப்பிவிட்டாள்.

சொன்னால் பதக்கம் போகும். வேலை போகும். அமெரிக்கா போகும். சொல்லாவிட்டால் இன்னும் அரை மணியில் தனகோட்டி போவாள்.

கையை விடாதே என்று சாகிராவைக் கட்டிலருகே உட்காரவைத்துவிட்டு வெளியே வந்தாள்.

ஐந்து ஐம்பத்தைந்து. மலையின் நிழல் ஆஸ்பத்திரிக் கூரைமேல் ஏறியிருந்தது. கிணற்றடியில் கோதண்டராமன் குடங்களைக் கழுவிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினான்.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னாள். வராந்தா, பேனா, நடக்காத ஆறு பத்து, ஆறரைக்கு வந்து பார்த்த உடம்பு, சார்ட்டில் போட்ட பொய், எல்லாம்.

"நான் உங்க அம்மா கையைப் பிடிக்கவே இல்லை. அவங்க தனியாத்தான் போனாங்க. உன்னையும் நான்தான் அனுப்பிட்டேன்."

அவன் குடத்தைக் கீழே வைத்தான்.

அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

அவன் முகத்தில் கோபம் வரவில்லை. புத்தி பிசகியவளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தான்.

"இன்னா மிஸ் இப்டி பேசறீங்க? நீங்க போகச் சொன்னீங்க. போறா மாதிரி போய்ட்டு, மனசு கேக்காம திரும்பி வந்து ஜன்னலாண்ட நின்னுக்கினேன். உயிர் போற வரைக்கும் பாத்துக்கினுதான் இருந்தேன்."

"யாரை?"

"உங்களத்தான். வெள்ளப் பொடவ கட்டிக்கினு குந்தி, எங்கம்மா கையப் புடிச்சிக்கினு இருந்தீங்க. ஒருவாட்டிகூட வுடல. உள்ள வரலாம்னு பாத்தேன். எங் கைய விட அது நல்ல கைன்னு நின்னுட்டேன்."

கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டு விழுந்த ஓசை மேலே வரை கேட்டது.

ரஞ்சிதம் வார்டின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

செத்தவள் வரவில்லை. அம்மாக்கண்ணு அன்றைக்கே போய்விட்டாள்.

வருவது ரஞ்சிதம் எழுதிய ரஞ்சிதம்.

நாலு மணிக்கு வருவாள். கையைப் பிடிப்பாள். அன்பாகப் பேசுவாள். ஆறு பத்துக்கு முடிப்பாள். அதைத் தவிர வேறெதுவும் அவளுக்குத் தெரியாது, ஏனென்றால் வேறெதுவும் எழுதப்படவில்லை.

வார்டின் கதவு திறந்தது. சாகிரா படியிறங்கி வந்தாள். அழுத முகம் துடைத்திருந்தது. நிம்மதியாகக்கூட இருந்தது. நாலடி வைத்தவள், கிணற்றடியில் நின்ற ரஞ்சிதத்தைக் கண்டதும் அப்படியே நின்றாள். திரும்பி வார்டுக் கதவைப் பார்த்தாள். மறுபடி இவளைப் பார்த்தாள்.

"தனகோட்டியை விட்டுட்டு ஏன் வந்தே?" ரஞ்சிதத்தின் குரல் காற்றாகத்தான் வந்தது.

சாகிரா வார்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"நீங்கதானே மிஸ், இப்ப உள்ள வந்து உக்காந்து, என்னை வெளிய போகச் சொன்னீங்க?"