உத்தரவில்லாச் சங்கு

பதினோரு வருடமாகத் தானாகச் சாத்திக்கொண்ட கதவு அன்று சாயங்காலம் சாத்திக்கொள்ளவில்லை. தேநீரோடு உள்ளே வந்த ஆய்வாளர் வழக்கம்போல அதை விட்டுவிட்டு மேசைக்கு நடந்தாள். முதுகுக்குப் பின்னால் கேட்க வேண்டிய 'டப்' கேட்கவில்லை. திரும்பிப் போய்ச் சாத்தினாள். வெளியிலிருந்து யாரோ சாவகாசமாக இழுப்பதுபோல அது மறுபடி திறந்துகொண்டது.

மலைச்சரிவின் பாதியில், ஊருக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தில் அவளுக்கு ஒரே வேலைதான்: மலை அசைகிறதா என்று பார்ப்பது. நான்கு நாள் மழை மத்தியானம்தான் விட்டிருந்தது. சன்னல் வழியாக வந்த மண்வாசனையில் பல வருடம் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தாற்போல ஒரு புழுங்கல் நெடி கலந்திருந்தது. நேற்றுவரை பேய் இரைச்சலாக ஓடிய பின்பக்க ஓடை பொட்டுத் தண்ணீர் இல்லாமல் நின்றுபோயிருந்தது. அத்தனை தண்ணீரும் எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரியும். காலுக்கடியில்.

திரையில் எண்கள் ஏறின. சரிவுக்குள் புதைத்த கருவி காலையில் மணிக்கு இரண்டு மில்லிமீட்டர் நகர்வு காட்டியது. இப்போது பதினான்கு.

அவளுக்கு முன்பு இந்த நாற்காலியில் இருந்தவர் வானொலியில் "பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். மூன்றாம் நாள் வடக்குத் தெரு மண்ணுக்குள் போயிற்று. முப்பத்தோரு பேர். அவர் இன்னும் சிறையில் இருக்கிறார். போன வருடம் இவள் ஊரைக் காலி செய்யச் சொன்னாள். மலை கல்லுப் பிள்ளையாராக அப்படியே உட்கார்ந்திருந்தது. விடுதிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். பிள்ளைகள் அவளுக்குப் 'பூச்சாண்டி' என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த உத்தரவு வந்தது: சட்ட ஆலோசகர் கையெழுத்துப் போடாமல் அபாயச் சங்கு ஊதக் கூடாது.

அவருக்குப் போன் செய்தாள்.

"எவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" என்றார்.

"மலை எழுதிக் குடுக்காது சார்."

"போன தடவையும் இப்படித்தான். அந்தக் கேஸே இன்னும் இழுத்துக்கிட்டுக் கிடக்கு. காலையில குழு கூடட்டும்."

"காலையில குழு இருக்கும். தெரு இருக்காது."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க தம்பி கீழ்த்தெருவுலதானே இருக்கார்? அவருக்கு மட்டும் சொல்லிடுங்க. நேத்து நீங்க அனுப்பின கணக்கைப் பார்த்துட்டு எங்க வீட்டுலயும் கிளம்பிட்டாங்க."

அப்படியானால் அவரும் நம்புகிறார். நம்பிக்கொண்டேதான் கையெழுத்து மறுக்கிறார்.

போனை வைத்தாள். பதிவேட்டை எடுத்து, நேரம் போட்டு, 'நானே ஊதினேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

சங்குப் பெட்டியின் பூட்டை உடைக்கச் சொன்னபோது அலுவலக மெக்கானிக் கேட்டார், "உத்தரவு வந்துடுச்சா மேடம்?"

"வரல."

"அப்ப உங்களுக்குச் சங்குதான்."

"எனக்குத்தானே, பரவாயில்ல. ஜீப்பை எடுத்துக்கிட்டுப் போய்க் கதவு கதவாத் தட்டுங்க."

"நீங்க வரலையா?"

"பொத்தான்லேருந்து கையை எடுத்தா சங்கு நின்னுடும். போங்க."

பொத்தானை அழுத்தினாள். கூரை அதிர்ந்தது. கீழே விளக்குகள் எரிந்தன, கதவுகள் திறந்தன. ஒருவர் மலையைப் பார்த்து முஷ்டியை ஆட்டியது தெரிந்தது. மேசைமேல் போன் அடித்தது. தம்பி.

"மறுபடியுமாக்கா? ஊரே உன்னைத் திட்டுது."

"திட்டிக்கிட்டே நடக்கச் சொல்லு."

நடந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, நாற்காலியோடு நோயாளிகளைச் சுமந்துகொண்டு, வைதுகொண்டே பாலத்தைக் கடந்தார்கள். அரை மணி ஆயிற்று. கட்டைவிரல் மரத்தது. ஆலோசகரின் எண் போனில் மினுங்கி மினுங்கி அணைந்தது. அவள் தொடவில்லை. கடைசியாக ஜீப் பாலத்தைத் தாண்டியது.

கையை எடுத்தாள்.

அமைதி. அந்த அமைதிக்குள், தரைக்கு வெகு கீழே, கோடித் துணியை நிதானமாகக் கிழிக்கிற சத்தம்.

நின்றது.

மறுபடி. இன்னும் நீளமாக.

சன்னலுக்கு ஓடினாள். வெளியே மரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஓர் இலைகூட ஆடவில்லை. வேலி நேராக இருந்தது. ஒன்றும் அசையவில்லை என்று மூச்சை விட்டவள், கீழ்த்தெரு மருந்துக்கடையின் பெயர்ப்பலகையைப் படித்தாள்.

படித்துவிட்டாள்.

இத்தனை வருடத்தில் இங்கிருந்து அதை ஒருநாளும் படிக்க முடிந்ததில்லை.

எழுத்துகள் பெரிதாயின. இன்னும் பெரிதாயின. மரங்கள் ஆடவில்லை. வேலி கோணவில்லை. எல்லாம் அவளோடு சேர்ந்து, சத்தமில்லாமல், ஊரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன.

ஓடலாம். எங்கே?

அப்போதுதான் கண்ணில் பட்டது. மருந்துக்கடைக்கு மேலே, விளக்கெரிந்த மாடியில், யாரோ ஒருவர். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, சங்கு நின்றுவிட்டதே என்று நிம்மதியாக, அண்ணாந்து அவளைப் பார்த்துக்கொண்டு.

அவள் திரும்பிப் பாய்ந்து பொத்தானை அழுத்தினாள். இரண்டு கையாலும். அழுத்தியபடியே நின்றாள். சன்னலில் அந்த முகம் நெருங்கி வந்துகொண்டே இருந்தது.