இரண்டாவது ஜக்கு

அன்று நகராட்சிக் கூடத்தில் இருந்தவர்கள்: மேட்டுக் குடியிருப்பின் செயலாளர், அவருடைய மனைவி, அவர் எது சொன்னாலும் தலையாட்டுவதற்கென்றே வந்த குடியிருப்புக்காரர்கள் நிறையப் பேர், ஓய்வு பெற்ற பல் மருத்துவர் ஒருவர், திட்ட அலுவலகத்து மேடம், கதவருகே காவலாளி. பள்ளத் தெருவிலிருந்து வந்திருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு வயது பத்து.

அவளைத் தெருவில் எல்லோரும் துருவி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பதில் சொன்னால் போதும், அதற்குள்ளிருந்தே அடுத்த கேள்வியைத் துருவி எடுத்துவிடுவாள்.

கூட்டத்தைச் சனிக்கிழமை காலையில் வைத்திருந்தார்கள். பள்ளத் தெருவில் அந்த நேரத்துக்கு யார் சும்மா இருக்கிறார்கள்? துருவியின் அம்மா மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் போர்வைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா லாரியோடு எங்கோ போயிருந்தார். "எனக்குப் பதிலா நீ போய் உக்காரு. என்ன பேசறாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வா. வாயைத் திறக்காத" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். கடைசி வரியைத் துருவி வழக்கம்போலக் காதில் வாங்கவில்லை.

கூடத்தின் நடுவில் பெரிய மேசை. மேசைமேல் ஊர். அட்டையில் வீடுகள், பஞ்சில் மரங்கள், பட்டாணி அளவில் கார்கள்.

"இன்னும் இருபது வருஷம் கழிச்சு நம்ம ஊர் எப்படி இருக்கணும்? அதை முடிவு பண்ணப்போறது நாங்க இல்ல, நீங்கதான்" என்றார் மேடம். "வேணும்கிற இடத்துல மஞ்சள் குண்டூசி குத்துங்க. வேண்டாம்னா சிவப்பு."

'நீங்கதான்' என்றதும் செயலாளர் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஓடும் கால்வாயை மூடிவிட வேண்டும். அதன்மேல் விருந்தாளிகளின் கார்களை நிறுத்த வேண்டும். சாம்பல் நிற அட்டை ஒன்றை எடுத்துக் கால்வாயின் மேல் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. மஞ்சள் குண்டூசிகள் வரிசையாக ஏறின.

எவ்வளவு மழை பெய்தாலும் மேட்டுத் தண்ணீர் முழுவதும் அந்தக் கால்வாய் வழியாகத்தான் வடியும். அப்படியும் பள்ளத் தெரு வாசற்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும். கால்வாயை மூடினால் எட்டிப் பார்ப்பதோடு நிற்குமா? அடுப்படிக்கு வரும். படுக்கைக்கு வரும்.

"அங்கிள், அப்போ மழைத்தண்ணி எங்க போகும்?"

"அடியில குழாய் போடுவாங்கம்மா."

"எவ்ளோ பெரிய குழாய்?"

"போதுமான குழாய்."

"போதலைன்னா?"

செயலாளர் சுற்றும்முற்றும் பார்த்தார். "யார் வீட்டுப் பொண்ணு இது? பெரியவங்க யாரும் வரலியா?"

"அம்மா வேலைக்குப் போயிருக்காங்க. மேடம், எனக்குக் குண்டூசி கிடையாதா?"

"பதினெட்டு வயசு ஆகியிருக்கணும்மா."

"இருபது வருஷம் கழிச்சுன்னுதானே சொன்னீங்க? அப்போ எனக்கு முப்பது ஆயிடுமே!"

பல் மருத்துவர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, தன் மஞ்சள் குண்டூசியைக் கார் நிறுத்தத்தில் குத்தினார்.

துருவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் காட்டறேன், பாருங்க" என்று தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கால்வாய்ப் பக்கம் கவிழ்த்தாள்.

தண்ணீர் பள்ளத் தெருவுக்குப் போகவில்லை. மேசைக்கு ஒரு கால் குட்டையோ என்னவோ, சரசரவென்று மேட்டுக் குடியிருப்புக்கு ஓடி அங்கே குளம் கட்டியது.

"ஐயையோ, நம்ம பி பிளாக்!" என்று செயலாளரின் மனைவி அலறினார். ஆளாளுக்குக் கைக்குட்டையை எடுத்து ஒத்தினார்கள். பசை விட்டு அட்டை மாடிகள் சாய்ந்தன. குண்டூசிகள் உதிர்ந்தன. பள்ளத் தெருவில் ஒரு சொட்டுகூட இல்லை.

"பாத்தியா? உன் தெரு காய்ஞ்சு கிடக்கு!" என்றார் செயலாளர். கூடமே சிரித்தது.

ஊர் ஊறிப்போனதால் கூட்டம் ஞாயிறு மாலைக்குத் தள்ளிப்போனது. காவலாளி துருவியின் தோளைத் தொட்டார். "வாம்மா, வெளிய போகலாம். நல்லா வேடிக்கை காட்டின போ."

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அழலாமா என்று துருவி யோசித்தாள். கொஞ்சம் அழுதும் பார்த்தாள். அதனால் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் சிரித்துப் பேசியபடி போய்விட்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால், மேடம் ஒற்றை ஆளாய் அட்டை வீடுகளைப் பிழிந்துகொண்டிருந்தார்.

துருவி உள்ளே போனாள். "நான்தானே கொட்டினேன். நானும் துடைக்கறேன்."

"நீ தொட்டவரைக்கும் போதும், தாயே."

துருவி நகரவில்லை. மேடம் பெருமூச்சு விட்டுத் துணியை நீட்டினார்.

இருவரும் துடைக்கத் தொடங்கினார்கள். துருவியால் எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருக்க முடியும்?

"மேடம், எங்க தெரு பள்ளத்துலதானே இருக்கு? இங்க ஏன் எல்லாம் ஒரே மட்டமா இருக்கு?"

"பலகை மட்டமாத்தான் வந்துச்சு. சரிவு வைக்க நேரம் குடுக்கல."

"இப்போ வைக்கலாமா?"

மேடம் அவளையே பார்த்தார். "நான் யார் பக்கமும் பேசக்கூடாது, தெரியும்ல?"

"நீங்க பேச வேண்டாம். மேசையைத் தூக்கினா போதும்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அலமாரியிலிருந்து இரண்டு தடித்த புத்தகங்களை எடுத்து வந்தார்.

"இது என்ன புக்கு?"

"இதுக்கு முன்னாடி போட்ட இருபது வருஷத் திட்டம். இது அதுக்கும் முன்னாடி போட்டது."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"கால்வாயைத் தூர்வாரி அகலமாக்கணும்னு."

"ஆக்கினாங்களா?"

"நல்லா கெட்டியா இருக்கு பாரு. மேட்டுப் பக்கத்து ரெண்டு காலுக்கும் அடியில வை."

மேசை சாய்ந்தது. இப்போது மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் இருந்தது. ஓரத்துச் சட்டம், தண்ணீர் கீழே சிந்தாமல் பள்ளத் தெருவைச் சுற்றி நின்றது. கால்வாயை மூடி, குழாய்க்காக அடியில் ஒரு ஸ்ட்ராவையும் செருகி, ஒரு ஜக்குத் தண்ணீரை மேட்டில் ஊற்றினார்கள். ஸ்ட்ரா சொட்டுச் சொட்டாக வடித்தது. மீதித் தண்ணீர் நேராகத் துருவியின் தெருவுக்குப் போனது. அவள் வீட்டு அட்டைக் கதவு பாதி வரை முங்கியது.

"நாளைக்கு இதைக் காட்டினா மனசு மாறுவாங்க இல்ல?" என்றாள் துருவி.

மேடம் நனைந்த அட்டைக் கதவைத் துணியால் ஒத்தினார். "நிறைய ஊர்ல காட்டியிருக்கேன். பாவம்னு சொல்வாங்க" என்றார்.

துருவி மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். காலையில் மேட்டுக்காரர்கள் எப்போது பதறினார்கள்? அவள் கேள்வி கேட்டபோது பதறவில்லை. பி பிளாக் நனைந்தபோதுதான் பதறினார்கள்.

"மேடம், இவங்க காரெல்லாம் தரைக்கு அடியிலதானே நிக்குது? ஆரஞ்சுப் பந்து உருண்டு போச்சுன்னு நான் ஒரு தடவை உள்ள போயிருக்கேன். சரிவா இறங்குமே. வாசல்கூட எங்க தெருப் பக்கமாத்தான் இருக்கு. அதை ஏன் இங்க செய்யல?"

"தரைக்கு மேல இருக்கிறதைத்தான் செய்வோம். கீழ இருக்கிறதை யாரும் செய்யறதில்ல."

"ஆனா இருக்குல்ல?"

"இருக்கு." மேடம் யோசித்தார். "இருக்கிறதை வைக்கறதுல தப்பில்ல."

மேட்டுக் குடியிருப்பின் ஓரத்தில், அந்த வாசல் இருக்கும் இடத்தில், பலகையில் துளை போட்டார். தன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி, உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி துளைக்கு அடியில் பொருத்தினார். அதற்குள் துருவி பட்டாணிக் கார்களை வரிசையாக நிறுத்தினாள். மறுபடி ஒரு ஜக்கு ஊற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் பள்ளத் தெருவை மூழ்கடித்துவிட்டு, துளைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது.

"அவ்வளவுதான். ஒரு நாள் மழைக்கு ஒரு ஜக்கு" என்றார் மேடம்.

"ரெண்டாம் நாளும் பெஞ்சா?"

மேடம் மெதுவாகத் தலையை ஆட்டினார். இரண்டாவது ஜக்கை அவர் ஊற்றிப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் துடைத்து, அட்டைகளுக்கு வார்னிஷ் பூசிக் காய வைத்தார்.

ஞாயிறு மாலை அம்மா வேலையிலிருந்து நேராக வந்தாள். சோப்பில் ஊறி வெளுத்த விரல்களைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றாள். பள்ளத் தெருவிலிருந்து இன்னும் சிலர் வந்திருந்தார்கள். மற்றவர்கள், "நாம சொல்லி எடுபடவா போகுது" என்று வீட்டிலேயே படுத்துவிட்டார்கள். மேட்டுக்காரர்கள் மட்டும் நேற்றைவிட அதிகமாக வந்திருந்தார்கள். கால்வாய்மேல் சாம்பல் அட்டையும் அதில் மஞ்சள் குண்டூசிகளும் மறுபடி ஏறியிருந்தன.

"மறுபடியும் பாட்டிலோட வந்துட்டாளா?" என்றார் செயலாளர்.

"இன்னிக்கு ஜக்கு, அங்கிள். நீங்களே ஊத்துங்க. நான் ஊத்தினா ஏமாத்தினேன்னு சொல்வீங்க."

எல்லோரும் பார்க்கும்போது மறுக்க முடியாது. செயலாளர் ஊற்றினார்.

தண்ணீர் பள்ளத் தெருவுக்குள் புகுந்தது. ஒரு வீடு. அடுத்த வீடு. துருவியின் வீடு. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாவம்தான்" என்றார் பல் மருத்துவர். செயலாளரின் மனைவி போனை எடுத்துப் பார்த்தார். யாரும் நாற்காலியைவிட்டு எழவில்லை.

"அவங்களுக்கு வேற எங்கயாவது இடம் குடுத்துடலாம்" என்று செயலாளர் ஜக்கைக் கீழே வைத்தார். "சரி, குண்டூசியை எண்ணலாமா?"

"இன்னும் ஒண்ணு இருக்கு, அங்கிள்" என்றாள் துருவி. "மறுநாள் மழை."

"அது எதுக்கு?"

"ஒரே நாள்ல மழை விட்டுடுமா?"

அவர் சலித்துக்கொண்டே இரண்டாவது ஜக்கையும் கவிழ்த்தார். தெருவில் இனித் தண்ணீருக்கு இடமில்லை. அது விளிம்பு தாண்டியது. துளையைக் கண்டுபிடித்தது. மளமளவென்று கீழே இறங்கியது.

"என்ன சத்தம்?"

"உங்க கார் ஷெட், அங்கிள். அடியில இருக்குல்ல."

கூடம் மொத்தமும் எழுந்தது. நாற்காலிகள் சரிந்தன. பெரிய மனிதர்கள் எல்லாம் மண்டியிட்டு மேசைக்கு அடியில் தலையை விட்டார்கள். டப்பாவுக்குள் பட்டாணிக் கார்கள் ஒன்றன்மேல் ஒன்று முட்டி மிதந்துகொண்டிருந்தன.

"நான் இப்பதான் புதுசா எடுத்தேன்!" என்றது ஒரு குரல்.

"லிஃப்ட் மோட்டரும் கீழதானய்யா இருக்கு!" என்றது இன்னொன்று.

"யாருய்யா கால்வாயை மூடச் சொன்னது?"

கேட்டவர் பல் மருத்துவர்தான். தன் மஞ்சள் குண்டூசியைப் பிடுங்கி, சிவப்பை எடுத்து அதே இடத்தில் நறுக்கென்று குத்தினார். அதன்பின் கைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. பள்ளத் தெருக்காரர்களும் குத்தினார்கள். ஆனால் அவர்கள் குத்துவதற்குள் முடிவு ஏறக்குறைய ஆகிவிட்டிருந்தது.

"அப்போ விருந்தாளிங்க கார் எங்க நிக்கும்?" என்றார் செயலாளர், பாதி உயிரோடு.

"டென்னிஸ் ஆடற இடத்துல நிக்கட்டும். அங்க யாரு ஆடறா? நீங்களா?" என்றார் அவர் மனைவி.

மேடம் சாம்பல் அட்டையைக் கால்வாயிலிருந்து எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"இனிமே மூட மாட்டாங்கல்ல மேடம்?" என்று துருவி கேட்டாள்.

"மூடக்கூடாதுன்னு எழுதிக்கிட்டேன். எங்க மேலதிகாரி என்ன சொல்வாரோ தெரியாது."

"அவருக்கும் கார் இருக்கா?"

"இருக்கு."

"அப்போ ரெண்டு ஜக்கையும் எடுத்துட்டுப் போங்க."

வெளியே படிக்கட்டில் அம்மா துருவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நம்ம வீடு முங்கினப்போ ஒருத்தர்கூட எந்திரிக்கல, பாத்தியாடி?"

"பாத்தேம்மா. எந்திரிக்க மாட்டாங்கன்னு நேத்தே தெரியும். அதுக்குத்தான் ரெண்டாவது ஜக்கு."

அம்மா அவளையே பார்த்தாள். பத்து வயதுக்கு இவ்வளவு தெரிந்திருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். மகளின் தலையைக் கோதிவிட்டாள்.

உள்ளே செயலாளர் மட்டும் இன்னும் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, இங்க வா" என்று குரல் கொடுத்தார். துருவி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இதுல என் கார் எது? வெள்ளைக் கார்."

"ஓரமா தலைகீழா கிடக்கே, அதுதான் அங்கிள்."

"கூடத்தைச் சாத்தணும் சார்" என்றார் காவலாளி. "எந்திரிங்க."

செயலாளர் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். காவலாளி அவர் முதுகுக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, இரண்டு தடவை இழுத்தும் பார்த்தார்.