அங்கம்மா நின்ற இடம்

பசறையிலிருந்து லுணுகலைப் பக்கம் போகிற வண்டிப் பாதையில் பாதி தூரம் போய், வலது கைப் பக்கம் மலையேறினால் அந்தத் தேயிலைத் தோட்டம். 1926ஆம் வருஷம் தை மாதக் கடைசியில், ரெங்கசாமி வாத்தியார் தன் மகள் பவளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தார். பெண்டாட்டி காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கென்று இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஏழு வயசுப் பிள்ளை ஒன்றுதான்.

பள்ளிக்கூடம் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஆனால் பேர் பெற்ற பள்ளிக்கூடம். சீமைக்குத் திரும்பிப்போன பழைய துரை, படம் பிடிக்கிற பெட்டியையும் படம் காட்டுகிற மெஷினையும் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பிள்ளைகளே நடித்து, பிள்ளைகளே கைப்பிடியைச் சுற்றிப் படம் பிடிப்பார்கள். கொழும்புக்கு அனுப்பிக் கழுவி வந்ததும், சன்னல்களைக் கம்பளியால் மூடிக்கொண்டு பட்டப்பகலில் காட்டுவார்கள். பதுளையிலிருந்துகூட ஆட்கள் வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள்.

ரெங்கசாமி கெட்ட மனுஷர் இல்லை. தனக்குத் தெரியாத விஷயம் எதுவும் கிடையாது என்று நினைக்கிற ரகம், அவ்வளவுதான். அந்த நினைப்புத்தான் அவர் குடியைக் கெடுத்தது.

வந்த இரண்டாம் வாரமே படம் எடுக்கக் கிளம்பிவிட்டார். பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஓடுகிற ஓயா என்கிற சின்ன ஆற்றின் கரையில் பிள்ளைகள் வரிசையாக நின்று கும்பிட வேண்டும், அவ்வளவுதான் காட்சி. நின்றார்கள். வரிசையின் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி இருந்தது.

"என்னடா நடுவுல ஓட்டை? நெருங்கி நில்லுங்க."

ஒருத்தரும் அசையவில்லை.

பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஜெனீரா. தோட்டத்துக் கடைக்காரர் ஸலீமின் மகள், பத்து வயசு. "அது அங்கம்மா எடம் ஐயா," என்றாள்.

"ஏன், அது இன்னிக்கி வரலையா?"

"செத்துப்போச்சுங்க. போன வருஷம், இதே தண்ணியில. விழுற மாதிரி நடிக்கச் சொன்னாரு பழைய வாத்தியாரய்யா. நெசமாவே இழுத்துட்டுப் போயிருச்சு. கைய கைய ஆட்டுனிச்சு. நல்லா நடிக்குதுன்னு நெனச்சோம். நாந்தான் சுத்துனேன். எது நடந்தாலும் நிப்பாட்டக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரு."

அந்தப் படத்தையும் கழுவி வரவழைத்து, பங்களாவுக்கு வந்த விருந்தாளிகளுக்குப் போட்டுக் காட்டினார்களாம். என்ன தத்ரூபமாக நடிக்கிறது பிள்ளை என்று அவர்கள் கைதட்டினார்களாம். அட பாவிகளா!

உடம்பு கிடைக்கவேயில்லை. அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கொழுந்து எடுக்கிற பெண் ஒருத்தி செத்துப்போனால், கருமாதி முடிகிறவரை அவளுடைய தேயிலை நிரையில் வேறு எவளும் இறங்கமாட்டாள். கங்காணி கத்தினாலும் சரி, கம்பை எடுத்தாலும் சரி. அங்கம்மாவின் தாய் கருப்பம்மாவோ, உடம்பைப் பார்க்காமல் கருமாதி செய்யமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். ஆகவே பிள்ளைகளும் அங்கம்மாவுக்கு இடம் விட்டே நின்றார்கள்.

ரெங்கசாமிக்குச் சிரிப்பு வந்தது. "செத்தவளுக்கு எடம் புடிச்சு வச்சிருக்கீங்களாக்கும்! பவளம், இங்க வாம்மா. அந்த ஓட்டையில போய் நில்லு."

"வேணாங்க ஐயா."

"நீ வாய மூடிக்கிட்டுச் சுத்து."

பவளம் போய் நின்றாள். ஜெனீரா சுற்றினாள்.

"அப்பா, இங்க கீழ ஈரமா இருக்கு."

பத்து நாளாக மழையே இல்லை. "ஆடாம நில்லு," என்றார் ரெங்கசாமி.

படம் கழுவி வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் பவளத்தின் தலைமுடி காயவேயில்லை. துவட்டத் துவட்ட நீர் கோத்தது. காலையில் தலையணையைப் பிழிந்தால் தண்ணீர் வடிந்தது. மலைக் குளிர் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, இஞ்சியைத் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் படம். சன்னல்களில் கம்பளி ஏறியது. கார்பைட் விளக்கின் நாற்றம் அறையெங்கும் பரவியது. முன்வரிசையில், வெறுந்தரையில், கருப்பம்மா உட்கார்ந்திருந்தாள். எந்தப் படம் போட்டாலும் முதல் ஆளாக வந்துவிடுவாள் அவள். பவளம் அப்பாவை ஒட்டிக்கொண்டு பெஞ்சில் இருந்தாள். ஜெனீரா மெஷினைச் சுற்றத் தொடங்கினாள்.

திரையாகக் கட்டியிருந்த வெள்ளை வேட்டியில் பிள்ளைகள் வரிசை தெரிந்தது. நடுவில் பவளம். எல்லாரும் கும்பிட்டார்கள். கூட்டம் சிரித்தது.

பவளம் மட்டும் கையை இறக்கினாள். வரிசையை விட்டுத் திரும்பினாள். ஓயாவைப் பார்த்து நடந்தாள்.

அன்றைக்கு அப்படி நடக்கவில்லை. ரெங்கசாமிக்கு நன்றாகத் தெரியும். அவர் அங்கேதான் நின்றிருந்தார்.

"ஏம்மா, எப்ப நீ…" என்று பக்கத்தில் திரும்பினார்.

பெஞ்சு காலி.

கையை வைத்துப் பார்த்தார். ஈரம்.

"நிறுத்து! ஜெனீரா, நிறுத்து!"

"நிப்பாட்டுனா பத்திக்குங்க ஐயா!" அவள் அழுதுகொண்டே சுற்றினாள். பொய்யில்லை. ஓடாமல் நின்றால் விளக்குச் சூட்டில் படச்சுருள் கருகிப் பொசுங்கிவிடும். அந்தச் சுருளில்தான் பிள்ளை இருந்தாள்.

ஜெனீராவைத் தள்ளிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். பின்பக்கமாகச் சுற்றினார்.

பவளம் பின்னால் நடந்து வந்தாள். தண்ணீரிலிருந்து கரைக்கு, கரையிலிருந்து வரிசைக்கு. அங்கேயாவது நிறுத்தலாமா என்றால் அங்கேயும் முடியாது, விளக்கு எரிகிறது. விளக்கை அணைக்கலாமா? அணைத்தால் அந்த இருட்டில் அவள் எங்கே போவாள்? கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால். மறுபடி முன்னால், மறுபடி பின்னால். தண்ணீர் அவள் கணுக்காலைத் தொட்டது, விட்டது. அவள் வாய் அசைந்தது.

அப்பா.

சத்தமில்லாத படத்திலும் அது அவருக்குப் புரிந்தது.

கூட்டம் முண்டியடித்துக்கொண்டு வெளியே ஓடியது. ஜெனீராவை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு மணி நேரம் சுற்றினார். தோள்பட்டை மரத்தது, விரல்கள் வழுக்கின.

"யாராச்சும் வாங்களேன்! ஒங்களுக்கெல்லாம் புள்ளகுட்டி இல்லையா?"

இருட்டிலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். கருப்பம்மா போகவேயில்லை.

"குடுங்கய்யா," என்றாள் மெதுவாக. "கை மாத்திக்குவோம்."

"பின்னால சுத்தும்மா. அதிகமா முன்னால விட்றாத. எம் புள்ள உள்ள இருக்கு. ஒனக்குக் கோடிப் புண்ணியமாப் போவும்."

"தெரியுங்க. நானும் பெத்தவதானே."

கொடுத்தார். வேறு என்ன செய்வார் மனுஷர்?

கருப்பம்மா திரை வேட்டியை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு முன்பக்கமாகச் சுற்றினாள்.

விடாமல் சுற்றினாள்.

தண்ணீர் பவளத்தின் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. ரெங்கசாமி கருப்பம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார். கவாத்துக் கத்தி பிடித்துப் பழகிய கை, அசையவில்லை. "என்னிய மன்னிச்சிருங்கய்யா," என்று சொல்லிக்கொண்டே சுற்றினாள். "எம் புள்ள ஒரு வருஷமா குளிர்ல கெடக்குது. அது எடத்துக்கு ஒண்ணு போனாத்தான் அது வெளிய வரும். மன்னிச்சிருங்கய்யா."

பவளம் கையை ஆட்டினாள். தலை முங்கியது. ஆறு மட்டும் ஓடியது.

சுருள் முடிந்து வெள்ளை வெளிச்சம் விழுந்தது.

பின்னால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

பெஞ்சில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தாள். பவளத்தின் நீலச் சட்டைதான் போட்டிருந்தாள். பவளம் இல்லை. முகம் ஊறி வெளுத்திருந்தது, தலைமுடியில் பாசி.

"எஞ் சாமி! அங்கம்மா!" கருப்பம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தாள்.

பிள்ளை நழுவினாள். ஓடிவந்து ரெங்கசாமியின் பின்னால் ஒளிந்து, அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுகிட்ட போகமாட்டேன். தண்ணி பயமா இருக்குன்னு அன்னிக்கி அழுதேன். படத்துல வரணும்னு என்னிய அடிச்சுக் கொண்டாந்து விட்டுச்சு."

கருப்பம்மாவின் கை நீட்டியபடியே நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டாள்.

ரெங்கசாமியின் உள்ளங்கைக்குள் சில்லென்ற ஐந்து விரல்கள் நுழைந்தன. உதறினார். விடவில்லை. இன்னொரு தடவை உதறினார்.

"பசிக்குது அப்பா. வீட்டுக்குப் போவோம்."

"எம் புள்ள எங்க?" என்றார் ரெங்கசாமி. "எம் பவளம் எங்க?"

பிள்ளை அவரை அண்ணாந்து பார்த்தாள். கண்ணில் கோபமோ கெடுதலோ ஒன்றும் இல்லை.

"அங்க, என் எடத்துலதான் நிக்கிது," என்றாள். "நீங்கதானே ஆடாம நிக்கச் சொன்னீங்க?"