மேகக் கண்ணாடியில் ஐந்து வளையங்கள்

வானத்தில் மேகம் இல்லை. கண்ணாடியில் இருந்தது.

வானிலை ஆபீசில் வேலை பார்க்கும் சாமிதுரை முதலில் அதைத் தூசு என்று நினைத்தான். பங்குனி மாதத்து அரியலூர்க் காற்று சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து வெள்ளை மாவை வாரிவந்து மாடி முழுக்க இறைத்துவிட்டுப் போகும். காற்றுமானியின் கிண்ணங்களிலும் மழைமானியின் வாயிலும் அது மெல்லிசாகப் படிந்திருக்கும். வேட்டி நுனியால் துடைத்தான். வெள்ளை அப்படியே இருந்தது.

மேகக் கண்ணாடி, சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குக் கறுப்பாக, முக்காலியின்மேல் வானத்தைப் பார்த்துக் கிடக்கும். அதில் ஐந்து வளையங்களும் திசைக் கோடுகளும் கீறியிருக்கும். கண் கூசாமல் குனிந்து, அதில் விழுகிற மேகம் எந்தப் பக்கத்திலிருந்து எந்த வளையத்துக்கு நகர்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். காலை எட்டு மணிக்கு ஒருமுறை, மாலை ஐந்து மணிக்கு ஒருமுறை. யுத்த காலம் என்பதால் சென்னைக்குத் தந்தி ஒருநாளும் தவறக்கூடாது.

வெள்ளைத் துணுக்கு கடைசி வளையத்தில், தென்மேற்கில் நின்றது. அசையவில்லை. அளவு, வானத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கும்.

அந்த மேகத்தை அவனுக்குத் தெரியும். அவன் எழுதியது அது.

டவுனில் டைப்ரைட்டிங் வகுப்பு மாலை ஐந்து மணிக்கு. அந்தப் பரீட்சையில் தேறினால்தான் வேலை நிரந்தரமாகும். அதனால் பதினொரு நாட்களாக நாலரை மணிக்கே, பதிவுத்தாளில் ஐந்து மணிக் கட்டத்தை மேலே பார்க்காமலே நிரப்பிவிட்டு சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தான். தினமும் 'மேகம் இல்லை' என்று எழுதினால் பார்க்காமல் எழுதியதுபோலத் தோன்றும் என்று அவனுக்கே சந்தேகம். ஒரு சின்ன மேகம் இருந்தால் உண்மையாகத் தெரியும். தென்மேற்கு, பத்தில் ஒன்று, அசைவு இல்லை. வாத்தியாருக்குக் காய்ச்சல், இந்த வாரம் வகுப்பு இல்லை என்பதால்தான் இன்று சரியான நேரத்தில் மாடிக்கு வந்திருந்தான்.

ஆபீஸ் பியூன் அரியமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டினான். அரியமுத்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லியே சார். உங்க மூஞ்சிதான் தெரியுது. நானும் ரொம்ப நாளா கேக்கணும்னு இருக்கேன், நம்ம ஊரு வானத்தப் பத்தி மெட்ராசுக்குத் தந்தி அடிக்கிறீங்களே, அங்க வானம் இல்லியா?"

சாமிதுரை சிரித்து வைத்தான். 'மேகம் இல்லை' என்று எழுதினான். தன் கண்ணில்தான் கோளாறு என்று முடிவு செய்துகொண்டான். முடிவு செய்தபிறகும் இருமுறை மாடியேறிப் பார்த்தான்.

மறுநாள் மேகம் நாலாவது வளையத்தில் இருந்தது. அதற்கு மறுநாள் மூன்றாவதில். அது காற்றோடு வரவில்லை. மாடிக் கொடியில் துணிகள் தென்மேற்கு நோக்கிப் படபடத்தன; மேகமோ தென்மேற்கிலிருந்து நடுப்புள்ளியை நோக்கி வந்தது. நடுப்புள்ளி என்றால் நேர் உச்சி. இந்த மாடி. இந்த மாடிக்குக் கீழேதான் அவனும், ஏழு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி கொளஞ்சியும் குடியிருந்தார்கள்.

அன்று ராத்திரி கொளஞ்சி கூந்தலை விரித்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காலையில குளிச்சதுங்க. இன்னும் தலை காயல. ரெண்டு நாளா இப்படித்தான் இருக்கு."

அவன் தொட்டுப் பார்த்தான். ஈரம் வெதுவெதுப்பாக இருந்தது. விரலை முகர்ந்தான். காளவாயில் சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றும்போது குமைந்து எழுமே, அந்த வாடை.

பதிவுத்தாளில் எதையும் அழிக்கக்கூடாது. தவறென்றால் சிவப்பு மசியால் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. மறுநாள் விடிந்ததும், பதினொரு பொய்களில் முதல் பொய்யின்மேல் சிவப்புக் கோடு போட்டான். கையெழுத்துக் கோணலாக விழுந்தது.

மாலையில் மேகம் நாலாவது வளையத்துக்குப் பின்வாங்கியிருந்தது. கீழே கொளஞ்சி காய்ந்த தலையை வாரிப் பின்னிக்கொண்டிருந்தாள்.

ஆக, வழி இருந்தது. இன்னும் பத்துக் கோடுகள். சிவப்பு மசிப் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அரியமுத்து கடிதத்தைக் கொண்டுவந்தான். சனிக்கிழமை திருச்சியிலிருந்து மேலதிகாரி வருகிறார். மாதத் தாளைப் பார்வையிட்டு, வேலையை நிரந்தரமாக்குவது பற்றி எழுதுவார்.

ஒரு சிவப்புக் கோட்டுக்குக் காரணம் சொல்லலாம். பதினொன்றுக்குச் சொல்ல முடியாது. வேலை போகும். வீடு ஆபீசுடையது, அதுவும் போகும். ஏழு மாதக் கர்ப்பிணியை எந்த ஊருக்குக் கூட்டிப் போவது? யோசித்தான். இன்னொரு தடவை யோசித்தான். கண்ணாடியில் தெரிவது வெறும் மனப்பிரமையாகவும் இருக்கலாம். தலை காய்ந்ததும் தற்செயலாக இருக்கலாம். அதிகாரி வருவது நிச்சயம்.

புதுத் தாள் ஒன்றை எடுத்து முதல் தேதியிலிருந்து நகல் எழுதினான். சிவப்புக் கோடு போட்டு அடித்த மேகம் தாளில் திரும்பி வந்தது. உண்மையாகப் பார்த்து 'மேகம் இல்லை' என்று எழுதிய நாட்கள் இடையில் உறுத்தியதால், அந்தக் கட்டங்களிலும் அதே மேகத்தை எழுதினான். தென்மேற்கு, பத்தில் ஒன்று. எழுத்து மணிமணியாக விழுந்தது. பழைய தாளை அடுப்பில் வைத்தான். அது எரியாமல் வெகுநேரம் புகைந்தது, ஈர விறகு போல.

வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து.

மாடி சுட்டது. வானம் விளிம்புவரை வெறும் நீலம். காற்று நின்றிருந்தது. காற்றுமானி சுற்றவில்லை. கொடியில் துணிகள் தொங்கின, சொட்டிக்கொண்டு.

குனிந்தான்.

ஐந்தாவது வளையத்தில் இல்லை. நாலாவதில் இல்லை. மூன்று, இரண்டு, ஒன்று. எதிலும் இல்லை. அவன் முகம் தெரிந்தது, கறுப்பில் கறுப்பாக. மூச்சு விட்டான்.

பின்னால் படியில் காலடி. மெதுவாக, பாரமாக. கொளஞ்சி துணி எடுக்க வந்திருந்தாள்.

"எந்நேரமும் இதுல அப்படி என்னதாங்க பாக்குறீங்க? நானும் பாக்குறேனே."

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தான். அதற்குள் அவள் அவன் தோளில் கைவைத்து, பக்கத்தில் குனிந்தாள்.

கண்ணாடியில் அவளுடைய பச்சைச் சேலை. கழுத்து. கழுத்தில் தாலிக்கயிறு.

அதற்குமேல் வெள்ளை.

நடுப்புள்ளியில். பத்தில் ஒரு பங்கு. அசைவு இல்லை.

தோளில் அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. சுண்ணாம்பு குமைகிற வாடை.

"ஏங்க." குரல் மிக அருகில் வந்தது, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல. "நிமிந்து என்னையப் பாருங்களேன்."

அவன் நிமிரவில்லை.

கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. மேலே மேகம் இல்லை. இன்னொரு சொட்டு. வளையங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. அவன் குனிந்தபடியே நின்றான். தோளில் இருந்த கை மெல்ல அவன் மோவாய்க்கு நகர்ந்து, அவன் முகத்தைத் தன் பக்கம் தூக்கியது.