என் விரலை அறியாத திரை

பத்திர எழுத்தர் பட்டப்பகலில்தான் வந்தார். கூடத்து மேசையில் டேப்லெட்டை வைத்து, காகிதமே வேண்டாம், திரையில் விரலால் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

வீட்டுப் பத்திரத்திலிருந்து மூத்த தாரத்தின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைச் சேர்க்க வேண்டும். அவள் செத்து வருஷக்கணக்காகிவிட்டது. ஆனாலும் இந்த வீட்டில் எல்லாம் அவளுடையது. சுவரின் நிறம் அவள் சொன்னது. நாற்காலிகள் அவள் வாங்கியவை. என் கணவர் என்னைக் கூப்பிடும்போதுகூட அவள் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டுப் போகும். உயிரோடிருக்கும் சக்களத்தி என்றால் குடுமிப்பிடிச் சண்டையாவது போடலாம். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. பொறாமையில் வெந்து, நச்சரித்து நச்சரித்துத்தான் அவரை இதற்குச் சம்மதிக்க வைத்தேன்.

முதலில் அவர் கையெழுத்துப் போட்டார். அடுத்து நான்.

கோடு விழவில்லை.

"கை ஈரமா இருக்கும்மா. தொடைச்சுட்டுப் போடுங்க."

துடைத்துவிட்டு அழுத்தினேன். ஒன்றுமில்லை. எழுத்தர் சும்மா தொட்டார், கறுப்பாகக் கோடு விழுந்தது. அதை அழித்துவிட்டு என் பக்கம் நகர்த்தினார்.

"மெஷினுக்கே உங்களைப் பிடிக்கல போலிருக்கு," என்று சிரித்தபடி தன் பைக்குள் எதையோ தேடினார்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ஈரச் சோப்பு. அவளுடைய சோப்பு. நான் இந்த வீட்டுக்கு வந்த அன்றே குப்பையில் போட்டது.

பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டேன்.

திரையில் கோடு நகர்ந்தது.

தானாகவே, அவசரமில்லாமல், என் பெயருக்கு நேராக ஒரு கையெழுத்து விழுந்தது. அலமாரியிலுள்ள புத்தகங்களின் முதல் பக்கத்தில் நான் தினமும் பார்த்து எரியும் அதே கையெழுத்து.

என் கணவர் திரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எனக்குப் பின்னாலிருந்த காலி நாற்காலியைப் பார்த்தார்.

"வந்துட்டியா?"

என்னிடம் ஒருநாளும் அவர் அந்தக் குரலில் பேசியதில்லை.

எழுத்தர் தலையை நிமிர்த்தினார். "ஆச்சுங்க, ரெண்டு பேரும் போட்டாச்சு," என்று முடிக்கும் பொத்தானைத் தொட்டார். நான் "இருங்க" என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை.

அதற்குப் பிறகு எந்தத் திரைக்கும் என் விரல் தெரிவதில்லை. என் சொந்த போன்கூடத் திறப்பதில்லை.

நேற்று சாயங்காலம், என் கணவர் கூடத்தில் உட்கார்ந்து அந்த நாற்காலியிடம் மெல்லப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். வயிறு எரிய, அருகில் போய் அவர் தோளை அழுத்திப் பிடித்தேன்.

அவர் திரும்பவே இல்லை.