வெளியிலிருந்து தட்டியவன்

நான்கு மணிக்குத் தொலைபேசியில் தம்பிதான் கூப்பிட்டான். வீட்டில் மூச்சு இயந்திரத்தின் சோதனைப் பொத்தானை அழுத்துகிறானாம். மருத்துவமனையிலிருந்து பதிலே இல்லையாம். மருத்துவமனையின் அடித்தளத்து சர்வர் அறையில் அக்கா திரையைப் பார்த்தாள். எதுவும் வரவில்லை.

"மறுபடி அழுத்து."

"அழுத்தி அழுத்தி விரல் தேஞ்சு போச்சுக்கா. உன் சர்வர் என்ன கும்பகர்ணனா?" மேசைத் தொலைபேசியின் ஒலிபெருக்கியில் சிரித்தான்.

காலை பதினொரு மணிக்குத்தான் பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்திருந்தாள். வீட்டு நோயாளிகளின் மூச்சு இயந்திரம் தடுமாறினால், அது இணையம் வழியாக இந்த சர்வரின் ஒரு போர்ட்டைத் தட்டும். உடனே மாடியில் செவிலியர் அறையில் மணி அடிக்கும். போர்ட் என்பது எண் போட்ட கதவு, அவ்வளவுதான். தம்பி வீட்டில் தனியாக இருந்தான். அந்த மணியைத் தவிர அவனுக்குத் துணை இல்லை.

தட்டினால் கதவு திறக்கும், அல்லது 'முடியாது' என்று மறுக்கும். மறுப்பு வந்தால்கூட நிம்மதிதான். உள்ளே ஏதோ உயிரோடு இருக்கிறது. மூன்றாவது, மௌனம். தட்டியது சுவரையா வெற்றிடத்தையா என்றே தெரியாது. இப்போது வருவது மௌனம்.

ஆனால் காலையில் தன் கைபேசியிலிருந்து தட்டிப் பார்த்து, 'வெளியிலிருந்து திறக்கிறது' என்று அவளே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தாள். குளிர்சாதனத்தின் ஓயாத உறுமலும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் சுவரில் துடிக்கும் பச்சை வெளிச்சமும் சூழ, அந்தக் கைபேசியை எடுத்துத் திரையின் மூலையைப் பார்த்தாள். வைஃபை. மருத்துவமனையின் வைஃபை. வீட்டுக்குள் நின்றுகொண்டே வாசற்கதவைச் சோதித்திருக்கிறாள்.

வைஃபையை அணைத்தாள். மொபைல் டேட்டாவில் தட்டினாள்.

மௌனம். ஐந்து மணி நேரமாக மௌனம்.

"டேய், மெஷின் ஓடுதுல்ல?"

"நீ கதவைப் பாருக்கா."

"சத்தமே கேக்கலயேடா."

"கதவைப் பாரு."

இப்போது அவன் சிரிக்கவில்லை.

அந்நியரைத் தடுக்கும் ஃபயர்வால் சரி. சர்வர் சரி. மிச்சம் ரவுட்டர். வெளியிலிருந்து வரும் தட்டலை உள்ளே எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். அங்கே 12 என்றிருந்தது. அது பழைய சர்வர். புதியது 21. மாற்றிச் சேமித்தாள்.

திரை நிரம்பத் தொடங்கியது.

பதில் கிடைக்காத எச்சரிக்கையை இயந்திரம் தூக்கி எறியாது. சேர்த்துவைத்து, கதவு திறந்ததும் வரிசையாக அனுப்பும்.

11:52. மூச்சு இல்லை.

11:53. மூச்சு இல்லை.

11:54.

எல்லாம் ஒரே இயந்திரம். தம்பியுடையது. நிமிடத்துக்கு ஒன்று. பன்னிரண்டு மணி. ஒரு மணி. இரண்டு. நான்கு. இடையில் ஒரு இடைவெளி இல்லை. சோதனைப் பொத்தானின் செய்தி ஒன்றுகூட இல்லை.

மாடியில் மணி அலறியது. காலடிகள் ஓடின.

ஒலிபெருக்கியில், மிக அருகில்:

"இப்ப வந்துச்சாக்கா?"

4:31. மூச்சு இல்லை.

ரவுட்டரில் 12ஐ 21 ஆக்கியதே போதுமாக இருந்தது. இப்போது போர்ட் உண்மையாகவே வெளியிலிருந்து திறக்கிறது.