பதில் கூவியவள்

அப்பா கூவியபோது மணிமொழி பதில் கூவவில்லை. ஆனாலும் பதில் வந்தது.

கலங்கரை விளக்கத்தின் உச்சியில், கடலைப் பார்க்கும் வட்ட மாடத்தில், அலுவலகத்துக்காரர்களோடு அவள் நின்றிருந்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கல் படிகள் சுற்றிச் சுற்றி இறங்கும் இருட்டுக்குள்ளிருந்து, முதலில் 'ஊ... ஓய்' என்று அப்பாவின் குரல் ஏறி வந்தது. அது அடங்குவதற்குள் அதற்கும் கீழேயிருந்து இன்னொரு 'ஊ... ஓய்'. மெல்லிய பெண் குரல். கடைசியில் கொஞ்சம் மேலே இழுத்து விடுகிற அந்த இழுப்பு அவளுடையது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மட்டும் உள்ள இழுப்பு.

எதிரொலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வேறு என்னவென்று நினைப்பது?

கல்வராயன் மலையில் அவர்கள் வீட்டு வழக்கம் அது. கடுக்காய் பொறுக்கக் காட்டுக்குள் போகும்போது ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தப்பிவிட்டால் கூவ வேண்டும். கேட்டவர் பதில் கூவ வேண்டும். பதில் வருகிற திசையில் நடந்து போய்ச் சேர்ந்துகொள்வார்கள். பதில் வராவிட்டால் நின்ற இடத்தை விட்டு நகரக்கூடாது.

அப்பா கரியன் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஆபரேஷனுக்காக மலையிலிருந்து இறங்கி வந்து, கள்ளக்குறிச்சியில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். அலுவலகச் சுற்றுலா வேனில் இடம் இருந்தது. "கண்ணுல கத்தி வைக்கறதுக்கு முன்னாடி கடல ஒருக்கா பாத்துட்றேன் கண்ணு. அப்பறம் பார்வ வருதோ இன்னாவோ" என்றார். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஆனால் அலுவலகத்தில் அவள் சொல்லி வைத்திருந்தது வேறு. சொந்த ஊர் கள்ளக்குறிச்சி. அப்பா ரிடையர்டு வாத்தியார். வெறுங்காலும், தோளில் அழுக்குத் துண்டும், வேனில் ஏறியதுமே எல்லாரையும் பார்த்துக் கும்பிட்ட கையுமாக இவரை எங்கே கொண்டுபோய் மறைப்பது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம்தான். அவர் அதைப் புரிந்துகொண்டவர் போலக் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார். வழியெல்லாம் ஒரு தடவைகூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அதுதான் அவளை இன்னும் கூசவைத்தது. படியில் பாதி ஏறியதும் அவருக்கு மூச்சு வாங்கியது. நடுவில் இருந்த ஜன்னல் திட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, மற்றவர்களோடு மேலே வந்துவிட்டாள்.

மறுபடியும் கூவல்.

"யாருங்க அது, காட்டுல மாடு ஓட்றா மாதிரி கத்திகினு கீறாரு?" என்றான் தீனதயாளன். எல்லாரும் சிரித்தார்கள்.

"உங்ககூட வந்த பெரியவரு போலக்குது மணி. உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டாள் பக்கத்து மேசை அபிநயா.

"சேச்சே. எங்க தெருவுல தோட்ட வேல செய்றவரு. கடல் பாக்கணும்னாரு, பாவம்னு இட்டாந்தேன்."

சொல்லி முடித்ததும் காது மடல் சுட்டது. பெற்ற அப்பனைத் தோட்டக்காரனாக்கிவிட்டு, அவர்களோடு சேர்ந்து அவளும் சிரித்தாள். உள்ளுக்குள் கூனிக் குறுகிப் போனாள். கீழே அவர் திரும்பவும் கூவினார். பதில் அவள் தொண்டை வரை வந்து முட்டியது. விழுங்கினாள். அவள் விழுங்கிய அந்த நொடியில் கீழேயிருந்து பெண் குரல் பதில் கூவியது. எதிரொலி என்றால் அப்பாவின் குரல்தானே திரும்பி வர வேண்டும்?

நேரம் முடிந்ததென்று காவலாளி விசில் ஊதினார். எல்லாரும் இறங்கினார்கள். அவள் மட்டும் போட்டோ எடுப்பதாகச் சொல்லிப் பின்தங்கினாள். அப்பாவின் கையைப் பிடித்து இறக்குவதை யாரும் பார்த்துவிடக்கூடாது.

பிறகு இறங்கினாள். வௌவால் புழுக்கையும் துருவும் உப்பும் கலந்த வாடை, உள்ளங்கையில் பிசுபிசுத்த ஈரக் கம்பி, எங்கோ சுவருக்குள் ஓடுவது போலக் கேட்ட அலைச் சத்தம், இவற்றோடு ஒவ்வொரு சுற்றாக இறங்க இறங்க இன்னொரு வாசனையும் வந்தது. மழையில் நனைந்த காட்டுச் சருகின் வாசனை. கடற்கரையில் அதற்கு வேலையே இல்லை.

ஜன்னல் திட்டு காலியாக இருந்தது. துண்டு மட்டும் கிடந்தது.

அபிநயாவுக்குப் போன் செய்தாள். "அந்தப் பெரியவர பாத்தீங்களா?"

"இன்னா மணி வெளாட்றீங்க? நீங்கதான கையப் புடிச்சி கூட்டினு போனீங்க. போட்டோ எடுக்கறேன்னு சொல்லிட்டு எங்களுக்கு முன்னாடியே எறங்கிட்டீங்களே!" பின்னணியில் வேன் ஹாரன் கேட்டது. "சீக்கிரம் வாங்க. டிரைவரு கத்தறாரு."

ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

கீழே பாறைக் குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டு போய் ஓரிடத்தில் சட்டென்று முடிந்தது. அதை நோக்கி அப்பா நடந்துகொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து ஒருத்தி கூட்டிப் போனாள். மஞ்சள் சேலை. மணிமொழி கட்டியிருந்த அதே மஞ்சள். அப்பா சந்தோஷமாக ஏதோ பேசிக்கொண்டே போனார். மகள் எல்லார் முன்னாலும் கையைப் பிடித்துக்கொண்டாளே என்ற சந்தோஷம். புரை விழுந்த கண்ணுக்கு மஞ்சள் தெரியும். முகம் தெரியாது.

கூவ வேண்டும். கூவினால் நிற்பார்.

வாய் திறந்தாள். ஜன்னலுக்கு இடது கைப் பக்கம் வேன் நின்றது. வெளியே தீனதயாளன், அபிநயா, எல்லாரும். எல்லாருக்கும் கேட்கும். அந்த நிலையிலும் அவளுக்கு அது தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள். ஒரே ஒரு கணம்தான். அதற்குள் அப்பாவும் மஞ்சள் சேலைக்காரியும் விளிம்பை நெருங்கிவிட்டார்கள்.

"ஊ... ஓய்!"

வயிற்றிலிருந்து கூவினாள். வேன் பக்கம் தலைகள் திரும்பின. திரும்பட்டும். "அப்பா! ஊ... ஓய்!"

அவர் நின்றார். நிமிர்ந்து, குரல் வந்த திசையைத் தேடினார். பிறகு தன் கையைப் பிடித்திருந்தவள் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

கையை இழுத்தார். அது வரவில்லை.

பதில் கூவ வாய் திறந்தார். நன்றாகவே திறந்தார். சத்தம் இல்லை.

மஞ்சள் சேலைக்காரி தலையை மட்டும் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். அவள் வாயும் திறந்தது.

"ஊ... ஓய்." அப்பாவின் குரல். அவ்வளவு தூரத்திலிருந்து அல்ல. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம், மணிமொழியின் கன்னத்தில் மூச்சுப் படுகிற நெருக்கத்தில். "தோ வந்துகினே கீறேன் கண்ணு."

கீழே, வாய் திறந்தபடியே, சத்தமில்லாமல் கத்திக்கொண்டு, குதிகாலைப் பாறையில் ஊன்றி ஊன்றி, அப்பா விளிம்பு வரை இழுபட்டுக்கொண்டிருந்தார்.